ஏழு சென்டிமீட்டர் கிளீனர்

ஆறுச்சாமிக்கு மேல்வரிசைப் பல் செட் செய்து அனுப்பியபோது அவர் அதை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வலிக்கிறது என்று சொல்லவில்லை, கடிக்க வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"என்னுங்க டாக்டரே இது, டியூப் லைட்டாட்ட இருக்குது? அறுவது வயசுக்காரன் வாயில இதைப் பார்த்தா ஊரே சிரிச்சுப்போடும்."

காந்திபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பல் லேப். செட் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அங்கே திரும்பி வந்தது. 'கலர் சரியில்லை' என்று எது திரும்பி வந்தாலும் லோகப்பிரியாவின் மேசைக்குத்தான் போகும். சூலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அப்போது வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக யார் யாருக்கோ பல் செய்துகொண்டிருந்தாள். அவர்களில் ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. அவளுக்கு வந்து சேர்வது ஒரு வாயின் அச்சும் ஒரு சீட்டும்தான்.

டாக்டருக்கு போன் செய்து, அந்தப் பெரியவரின் சொந்தக் கீழ்ப்பல்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வந்த போட்டோவை அரைமணி நேரம் பார்த்தபிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டாள். பல்லின் கழுத்தில் கொஞ்சம் பழுப்பு. இடுக்குகளில் முப்பது வருட டீ. தேய்ந்த நுனியில் கண்ணாடி போல ஒரு சாம்பல். முன்பல் ஒன்றில் மயிரிழைக்கு ஒரு கீறல்.

பத்து நாள் கழித்து ஆறுச்சாமி லேபுக்கே படியேறி வந்துவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் பல்லைப் பண்ணுன அம்மணி யாருங்க?"

லோகப்பிரியா பயந்துகொண்டேதான் எழுந்தாள்.

"என்ற சொந்தப் பல்லே திரும்பி வந்தாப்ல இருக்குதுங்க. ஊட்டுக்காரி இன்னும் கண்டுபுடிக்கல" என்று சிரித்துக் காட்டினார். அப்போதுதான் அவர் கண் ஜன்னலோரம் போனது. அங்கே உள்ளங்கை அளவில் ஒரு டவுன் பஸ் நின்றது. சக்கரத்துக்கு மேலே சேறு தெறித்திருந்தது. பின்கண்ணாடியில் ஒரு மழைக்காலத்துப் புழுதி வரிவரியாக இறங்கியிருந்தது. அவர் விரலால் அதை மெல்லத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"தூசி வரலியே?"

"பெயிண்டுங்கண்ணா அது."

"தூசியக்கூடப் பெயிண்டுல பண்ணுவீங்களா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்றகிட்ட ஒரு ரிக் வண்டி இருக்குதுங்க அம்மணி. போர் போடற வண்டி. இருபத்திரண்டு வருசம் ஓடுனது. அதை இப்புடிச் சின்னதாப் பண்ணிக் குடுப்பீங்களா? கடையில விக்கற பொம்மையாட்ட இருந்தா எனக்கு வேண்டாமுங்க. பார்த்தா என்ற வண்டினு எனக்குத் தெரியோணும். அவ்வளவுதான்."

அதுவரை அவளிடம் எதையும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பல் நன்றாக அமைந்துவிட்டால் அதைச் செய்தவள் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. இங்கே ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, என் வண்டி எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்கிறார். அவள் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள்.

சின்ன வண்டி செய்யும் வேலைக்கு அவள் வந்தது தானாக நடந்தது. மகள் ரித்திகா சின்னவளாக இருந்தபோது உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பின் மேல், லேபில் மிஞ்சிய பல் சாயத்தைப் பூசிப் பார்த்தாள். ஜீப் சட்டென்று பத்து வருடம் பழையதாகிவிட்டது. அன்று சோறு பொங்க மறந்தாள். மகள் இப்போது ஈரோட்டில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டின் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை லோகப்பிரியாவுக்கென்று ஆகிவிட்டது. கணவர் மதன்குமார் வீட்டை ஒட்டிய ஷெட்டில் மோட்டார் காயில் கட்டும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றி, பெயிண்ட் ஊதும் பேனாவுக்குக் காற்று கொடுக்க அவர்தான் அவளுக்கு அமைத்துக் கொடுத்தார். சாப்பிடும்போது கேள்வியும் கேட்பார்.

"ஒரே வண்டிக்கு எதுக்கு அம்மணி மூணு வகைப் பெயிண்டு? ஒரே டப்பாவுல முடிச்சுப்போட்டா ஆகாதா?"

"ஒவ்வொரு பெயிண்டுக்கும் ஒரு ஆளு இருக்குதுங்க. லேக்கருக்குத் தின்னர். அக்ரிலிக்குக்கு, காயற வரைக்கும் தண்ணி. எனாமலுக்கு டர்பெண்டைன். அவங்கவங்க ஆளு கூப்பிட்டாத்தான் கரைஞ்சு எந்திரிச்சு வரும். அடுத்தவங்க ஆளு கூப்பிட்டா அசையாது. அப்ப நான் மேல இருக்கறதத் தொடைச்சு அழிச்சு மறுபடி வரையலாம், கீழ இருக்கறவன் தூங்கிட்டே இருப்பான். ஆனா தின்னரு ரவுடி. அது வந்துச்சுனா எல்லாத்தையும் எழுப்பிப்போடும். அதனால லேக்கர மொதல்லயே உட்டு முடிச்சரோணும்."

"எங்க பெரியப்பன மொதப் பந்தியில உக்கார வெச்சு ஊருக்கு அனுப்பிப்போடறாப்ல."

"அதேதானுங்க."

கருமத்தம்பட்டியில் ஆறுச்சாமியின் ஷெட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பைக்கில் போனார்கள். ரிக் வண்டி ஒரு மூலையில் நின்றது. ஓட்டம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. படுத்த நிலையில் கேபினுக்கு மேலே நீண்டிருந்த இரும்புக் கம்பத்தில் குருவி கூடு கட்டியிருந்தது. லோகப்பிரியா நூற்றுக்கு மேல் போட்டோ எடுத்தாள். பிறகு பல்லில் காரை சுரண்டும் வளைந்த ஊசியைப் பையிலிருந்து எடுத்து, மட்கார்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தாள்.

அங்கே இறுகியிருந்த மண்ணை ஊசியால் கிள்ளியதும் பிஸ்கட் அளவுக்கு ஒரு பட்டை அப்படியே கழன்று கையில் விழுந்தது. அதைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கருப்பு, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் சிவப்பு, மறுபடி வெள்ளை, ஒரு இழை மஞ்சள், மறுபடி கருப்பு. ஒன்றோடொன்று கலக்கவே இல்லை.

"கருப்பு ராய்ச்சூருங்க" என்றார் ஆறுச்சாமி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு. "வெள்ளை மண்ணே இல்லீங்க, பாறைய ஓட்டை போடறப்ப பறக்கற கல்லுமாவு. செகப்பு நம்ம பல்லடம். மஞ்சள் சத்தீஸ்கருங்க. அங்க ஒரே ஒரு சீசன்தான் போனோம்." கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அட சாமி. இதை நானே இத்தன வருசம் பார்த்ததில்லைங்க."

கதவிலும் ஒரு பெயிண்ட் பொத்தலைக் கண்டாள். அதன் ஓரத்தில் மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே செங்கல் நிற பிரைமர், அடியில் துரு. அவளுக்குக் கைமயிர் சிலிர்த்தது. மேசையில் அவள் பயந்து பயந்து கட்டுகிற அடுக்கையெல்லாம் இந்த வண்டி யாரையும் கேட்காமல், அவசரமில்லாமல், ஒன்றுகூட வரிசை தப்பாமல் தானே கட்டிவைத்திருந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கணவர் பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடவில்லை. மண் பட்டையை டிஷ்யூவில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

ஆறுச்சாமியின் புது ஆபீஸ் திறப்பு விழா சித்திரையில். அதற்குள் தருவதாகச் சொல்லியிருந்தாள். நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. கேபினை மெழுகில் செதுக்கி, லேபில் பல் செட்டுக்கு அடித்தட்டு வார்க்கிற அதே பிளாஸ்டிக்கில் வார்த்தாள். அது ஈறு நிறத்தில் வந்தது. "லாரிக்கு எப்ப பல்லு மொளைக்கும்?" என்று மதன்குமார் ஒரு வாரம் ஓட்டினார். துரு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஏற்றி, எனாமலில் எண்ணெய்க் கசிவையும் வரைந்து முடித்தபோது பங்குனி கடைசி ஆகிவிட்டது. நாள் இல்லை என்ற பதற்றத்தில் அந்த எனாமல் காய்வதற்கு முன்பே லேக்கர் வார்னிஷை ஊதினாள். லேக்கரை முதலிலேயே முடிக்க வேண்டும் என்ற விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான். அரை நிமிடத்தில் கதவு முழுக்கப் பாலாடை போலச் சுருங்கியது. அவள் கை கட்டி நின்று பார்த்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆறுச்சாமிக்கு போன் செய்தாள்.

"போச்சாதுங்க அம்மணி, பரவால்ல. மெதுவாப் பண்ணுங்க" என்றார்.

ஆபீஸ் திறந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருந்தாராம். அது காலியாகவே இருந்தது. ஆடியில் ஷெட்டைக் காலி செய்ய வேண்டி வந்து, ரிக் வண்டியைப் பழைய இரும்புக்கு வெட்டக் கொடுத்துவிட்டார். அவள் அடுத்த சந்தேகம் கேட்க போன் செய்தபோதுதான் இதைச் சொன்னார். குரலில் குறையில்லை. "போச்சாதுங்க, போட்டோ எடுத்து வெச்சிருக்கறீங்கல்ல" என்றார் மறுபடியும். அந்தச் சொல்தான் அவளை அறுத்தது. இனி ஒப்பிட்டுப் பார்க்க நிஜ வண்டி இல்லை. அவர் கண் ஒன்றுதான் மிச்சம். விஜயதசமி அன்று காலை கட்டாயம் தருகிறேன் என்றாள்.

இரண்டாவது வண்டியில் அவள் எதைக் காயவைப்பதிலும் அவசரப்படவில்லை. அடியில் துரு நிறத்தில் லேக்கர். அதன்மேல் நீலமும் பச்சையும். அதன்மேல் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே ஒரு படலம். அதற்கும் மேல் மஞ்சள் அக்ரிலிக். மஞ்சள் முழுக்க இறுகுமுன் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் அடியில் ஹேர் ஸ்பிரே இளகி, மஞ்சள் சின்னச் சின்னச் செதிலாகக் கழன்று விழும். கதவுக் கைப்பிடியைச் சுற்றி, ஏறும் படியில், டிரைவர் முழங்கை வைக்கும் இடத்தில் மட்டும் அப்படிக் கழற்றினாள். அதையெல்லாம் மூடி அக்ரிலிக் வார்னிஷ் அடித்து, பத்து நாள் காயவிட்டாள். அதன்மேல் எனாமலில் மெல்லிய பழுப்புப் பூச்சும், கிளீனர் உட்காரும் பக்கத்துக் கதவுக்குக் கீழே எண்ணெய்க் கசிவும். கடைசியில் அந்த மண் பட்டையை அடுக்கு அடுக்காகப் பிரித்து, லேபில் உரலில் பொடித்து, துணியில் சலித்து, தண்ணீரில் துளி பசையோடு கரைத்து ராய்ச்சூரையும் பல்லடத்தையும் பூசினாள். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வேலை முடிந்தது. மேசை மேல் வைத்து, சாப்பாட்டுக்குக் கவிழ்க்கும் வலைக்கூடையால் மூடினாள்.

மறுநாள் லேபிலும் பூஜை. பொரி கடலைப் பொட்டலத்தோடு அவள் சூலூரில் பஸ் இறங்கி வந்தபோது மணி பன்னிரண்டு. ஒர்க்‌ஷாப்பில் வாழைக்கன்று கட்டி, லேத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே வாழை இலையில் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், அவளுடைய பெயிண்ட் ஊதும் பேனா, பல் சுரண்டும் ஊசி. பக்கத்தில் பைக். பைக்குக்குப் பக்கத்தில், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பாதி எலுமிச்சையோடு, பளபளவென்று ரிக் வண்டி.

"பாரு, உன்ற வண்டியையும் உட்டுப்போடல" என்றார் மதன்குமார். வேட்டி கட்டி, தலை ஈரத்தோடு நின்றார்.

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"எதுலீங்க தொடைச்சீங்க?"

"துணியிலதான்."

"துணி கெடக்கட்டுமுங்க. தண்ணியா, மண்ணெண்ணெயா?"

அந்தக் குரலில் அவருக்கு ஏதோ புரிந்தது. "ஷாம்புத் தண்ணிதான். துரு, கீறல் எல்லாம் நீ வரைஞ்சதுனு எனக்குத் தெரியாதா? அதையெல்லாம் தொடல. மேல தூசி அடைஞ்சிருந்துச்சு. என்ற கிரைண்டர் தூசிதான் வந்து உன்ற வண்டி மேல படிஞ்சுபோச்சுன்னு..." நிறுத்தினார். "அதும் நீ பண்ணுனதா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப அந்தக் கதவுக்குக் கீழ இருந்த எண்ணெ?"

"அதை என்ன பண்ணுனீங்க?"

"என்ற கை கிரீஸுதான் பட்டிருச்சுன்னு மண்ணெண்ணெய தொட்டு..." அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "கிளீனர் பக்கம் மட்டுந்தான் அம்மணி. சத்தியமா."

எட்டு மாதம் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு அடுக்கும் ஏறுவதைப் பார்த்த மனிதர். அவரே நிஜத் தூசி என்று நம்பி, தன் தவறு என்று வெட்கப்பட்டுத் துடைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் அவள் அதில் பூரித்துப் போயிருப்பாள்.

வண்டியை மேசைக்குக் கொண்டுபோய், லேபில் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சேதம் என்னவென்று தெரிந்தபிறகுதான் அழுவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். டிரைவர் பக்கம் தண்ணீர் தூசியை மட்டும் கொண்டுபோயிருந்தது. ஆணித்தலையிலும் மூலையிலும் மண் அப்படியே இருந்தது, அடியில் எனாமல் அசையவில்லை. கிளீனர் பக்கம், டர்பெண்டைனின் பங்காளியான மண்ணெண்ணெய் எனாமலையும் இழுத்துப் போயிருந்தது. அதற்குக் கீழே வார்னிஷ் சுவர் மாதிரி நின்றிருந்தது. மஞ்சளில் ஒரு செதில்கூடக் குறையவில்லை. தின்னர் பாட்டில் எட்டடி தூரத்தில்தான் இருந்தது. அதை அவர் எடுத்திருந்தால் ஈறு நிறம் வரைக்கும் போயிருக்கும்.

அவள் மூச்சு விட்டாள். தான் சொன்ன விதி தன் கண் முன்னே, வேறொருவர் கையால், ஒரு பக்கம் தண்ணீராலும் ஒரு பக்கம் மண்ணெண்ணெயாலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் ஆள் கூப்பிட்டபோது மட்டுமே எழுந்து போயிருக்கிறது. அடியில் இருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆனாலும் வண்டி கெட்டுத்தான் போயிருந்தது. மதன்குமாரின் கட்டைவிரல் போன தடம் கதவில் அகலமாகத் தெரிந்தது.

"இது ஆளு தொடைச்சாப்ல இல்லீங்க. யானை தும்பிக்கையில தொடைச்சாப்ல இருக்குது."

"நான் ஆறுச்சாமியண்ணன்கிட்டப் பேசறேன் லோகு. தப்பு என்றது. இன்னொரு பத்து நாளு கேட்கலாம்."

"அவரு என்ன சொல்லுவாருன்னு தெரியுமுங்களா? போச்சாதுங்கம்பாரு." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னொருக்கா அதைக் கேக்க என்னால ஆகாதுங்க."

எனாமலை மறுபடி ஏற்றினால் காய நான்கு நாள் வேண்டும். ஈர எனாமலின் மேல் மண் பூசினால் சேறாகிவிடும். ஏற்ற வழியில்லை. வாசலுக்கு வந்து நின்றாள். எதிர்ச் சாரியில் விசைத்தறிக்காரர் திருமூர்த்தியின் லாரி நின்றது, இன்னும் துடைக்கப்படாமல். ஊரில் இருக்கிற எல்லா லாரியையும் இன்று யாரோ ஒருத்தர் இப்படித்தான் துடைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. ஆறுச்சாமியின் ரிக்கும் இருபத்திரண்டு ஆயுத பூஜையில் துடைபட்டிருக்கும், எந்த ஊர் ரோட்டோரத்தில் நின்றிருந்தாலும்.

ஏற்ற முடியாவிட்டால் இறக்கலாம். துடைத்து இறக்குவதற்கு எதுவும் காயக் காத்திருக்க வேண்டாம்.

"ஏனுங்க, துணியும் வாளியும் எடுத்துட்டு வாங்க. அந்த லாரியத் தொடைங்க."

"எதுக்கு?"

"தொடைங்க, சொல்றேன்."

மதன்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியைத் துடைத்தார். அவள் போனில் படம் பிடித்தாள். திருமூர்த்தி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மதனு, மோட்டார் தொழில உட்டுப்போட்டு லாரி தொடைக்க வந்துட்டீங்களா?"

"ஊட்டுல தண்டனைங்க."

"அப்ப அக்கட்டால ஒரு டிராக்டரும் நிக்குது, பார்த்துக்கங்க."

"எக்கி எக்கித் தொடைக்காதீங்க" என்று லோகப்பிரியா சத்தம் போட்டாள். "பசியோட இருக்கற கிளீனராட்ட, சோம்பேறித்தனமாத் தொடைங்க."

"அது எனக்கு நடிக்கவே வேண்டாம் அம்மணி. மணி ஒண்ணரை."

அவள் பார்த்தாள். கை தோளிலிருந்து வில் போல வளைந்து வருகிறது. ஒரு உயரத்துக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் தூசி ஒரு கோடு போட்டாற்போல நின்றுவிடுகிறது. மூன்றாவது வீச்சுக்குத் துணி அழுக்காகிவிடுகிறது. அதன்பிறகு அது துடைப்பதில்லை, பூசுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் மூலையில் துணி நுழையவே இல்லை. வாளித் தண்ணீர் தெறித்த இடத்தில் புழுதி கோடு கோடாக இறங்குகிறது. நாற்பத்திரண்டு வயது வரை தினமும் பார்த்த லாரிகள்தான். ஒரு லாரியின் கதவில் ஒரு மனிதனின் உயரமும் கை நீளமும் சோம்பலும் பதிந்திருக்கும் என்று அவள் அறிந்திருக்கவில்லை. வெயிலில் அப்படியே நின்றாள்.

மேசைக்கு வந்து ஒரு ஈர்க்குச்சியை ஏழு சென்டிமீட்டருக்கு ஒடித்தாள். ஐந்தரை அடி ஆள் அந்த வண்டிக்கு அவ்வளவு உயரம்தான். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு துண்டைக் கைக்காக ஒட்டினாள். அந்தக் கிளீனரை வண்டியின் பக்கத்தில் நிறுத்தி, கை எட்டும் இடமெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள். அந்தக் கோட்டுக்கு மேலே மதன்குமாரின் துணி போன இடங்களில், டப்பாவில் மிஞ்சியிருந்த மண்ணை மறுபடி படியவைத்தாள். மண் தண்ணீரில் கரைத்ததுதான், காற்றாடிக்குக் கீழே அரைமணியில் காய்ந்துவிடும். கோட்டுக்குக் கீழே டிரைவர் பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் பிரஷ். கிளீனர் பக்கம் டர்பெண்டைனில் தோய்த்து, கிட்டத்தட்ட உலர்த்திய பிரஷ். யானைத் தடத்தின் ஓரத்தை உடைத்து உடைத்து, தோளிலிருந்து வளைகிற சின்னச் சின்ன வில்லாக ஆக்கினாள். மூன்று வீச்சுக்கு ஒருமுறை பிரஷ்ஷைத் துடைக்காமலே பூசினாள். கண்ணாடிக்குப் பின் மூலையை விட்டுவிட்டாள்.

நெற்றியிலிருந்த சந்தனம் மட்டும் பாக்கி.

"சாமிக்கு வெச்சதை அழிக்கக் கூடாதில்ல?" என்றார் மதன்குமார், விளக்கைப் பிடித்துக்கொண்டு.

"இந்த வண்டிக்கு அது பொட்டில்லீங்க. சாப்பாட்டுத் தட்டு."

அவரே சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஈரப் பஞ்சால் அதை ஒற்றி எடுத்தார். அவள் ஊசி முனையில் சந்தனம் தொட்டு ஒன்று, குங்குமம் தொட்டு ஒன்று வைத்தாள். வைத்து முடியும்வரை இருவரும் மூச்சு விடவில்லை. வெளியே விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. கடைசியாகக் கல்லுமாவில் ஒரு சிட்டிகை எடுத்து, துடைத்த கதவின் மேல் லேசாக ஊதினாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆறுச்சாமி தனியாக வந்தார். கூடத்தில் ஸ்டூல் மேல் வண்டி இருந்தது. நாற்காலி போட்டார்கள். அவர் அதில் உட்காரவில்லை. தரையில் சம்மணம் போட்டு, கண் கதவுக்கு நேராக வரும்வரை குனிந்தார். டிரைவர் பக்கம் பார்த்தார். வண்டியைத் திருப்பவில்லை. தரையில் நகர்ந்து நகர்ந்து தானே அதைச் சுற்றி வந்தார். முன்புறம், பின்புறம், கிளீனர் பக்கம்.

லோகப்பிரியா சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆறுச்சாமி கிளீனர் பக்கத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு அவர் முகம் கடுகடுத்தது.

"டேய், அந்த மூலைய எவன்டா தொடைப்பான்?"

சொல்லிவிட்டு, தன் குரலைத் தானே கேட்டு அதிர்ந்து போய் நிமிர்ந்தார். அவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார், லோகப்பிரியா செய்த பல் தெரிய.

"இருபத்திரண்டு வருசம் வஞ்சிருக்கறேனுங்க. எத்தனை கிளீனர் மாறுனாங்க. ஒருத்தனும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால துணிய உட்டதில்ல." விரலை நீட்டி, தொடாமல் காட்டினார். "ஆயுத பூஜைக்கு மறுநாளுங்களா இது?"

"ஆமாங்கண்ணா."

"தெரியுது. துணி மேல எட்டல. கதவுல மண்ணெண்ணெய் வாடை போறதுக்குள்ள கல்லுமாவு வந்து ஒக்காந்திருச்சு பாருங்க. அப்ப அன்னைக்கே கெளம்பி, காலையில ஓட்டை போட ஆரம்பிச்சாச்சு." அவர் குரல் இறங்கியது. "என்ற வண்டிதானுங்க அம்மணி."

அவள் காபி வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். கூடத்தில் ஆறுச்சாமி மதன்குமாருக்கு வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். "சக்கரத்துக்கு மேலே இருக்கற கருப்பு ராய்ச்சூரு, மதன். அங்க ஒரு தோட்டத்துல அறுநூறு அடி போயும் தண்ணி வரல, அப்பறம் பாருங்க என்ன ஆச்சுன்னு." மதன்குமார் அந்தக் கருப்பு மண் டிபன் டப்பாவில் பைக் ஏறி வந்ததைப் பார்த்தவர். "அப்புடிங்களா" என்றார், "அப்பறமுங்க?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரலில். அவள் பாலை அடுப்பில் வைத்தாள்.